அம்மாவுக்கு வந்தது, அக்காவுக்கும் வந்தது

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா காலமானபோது ஊரில் ஒட்டிய சுவரொட்டியில் ‘உடல்நலக் குறைவால்’ என்று போட்டிருந்தோம். அந்த வார்த்தையைச் சொன்னவள் நான்தான். அச்சகத்துக்காரர் போனில் கேட்டபோது என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. இந்த ஓராண்டாக அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அக்காவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். எங்கள் அம்மாவுக்கு வந்ததும் அதுதான். இதை அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் எழுதலாமா என்று மாமாவிடம், அதாவது அக்காவின் கணவரிடம், கேட்டேன். மூன்றாம் நாள் காலையில் வந்து, “எழுதும்மா. மறைச்சு மறைச்சுதான் இவ்ளோ தூரம் வந்துட்டோம்,” என்றார்.

அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பம். நாங்கள் இரண்டே பெண்கள். எனக்கும் அக்காவுக்கும் ஏழு வயது வித்தியாசம். அக்கா கணக்கில் கெட்டிக்காரர். வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து முன்னால் ஒப்பிப்பார். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டிய ஆண்டில்தான் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது. அதோடு படிப்பு நின்றது.

அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. எத்தனை மாதமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அது உடைந்து புடவையில் கறை தெரிந்த பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்தது. சென்னைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்த அம்மா, போன அம்மா இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா இடது பக்கம் சாய்ந்து நடந்தார். யாரையும் தன் பக்கத்தில் உட்கார விடவில்லை.

காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டும். அப்பா ஒருமுறை உள்ளே போனார். உடனே வெளியே வந்து வரப்புப் பக்கம் போய்விட்டார். சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு வாரம் வந்து அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அப்போது பதினைந்து வயதுப் பெண். தினமும் காலையில் அம்மாவும் அக்காவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் வெந்நீர்ச் சட்டியோடு வெளியே நிற்பேன். அக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்து சட்டியை வாங்கிக்கொண்டு, “நீ வெளியவே இரு,” என்பார். உள்ளேயிருந்து சத்தமே வராது. அம்மா ஒரு நாளும் கத்தவில்லை. அந்த அமைதிதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஒரு நாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவு தானாகத் திறந்துகொண்டது. அம்மாவின் இடது பக்கத்தில் மார்பு மட்டுமல்ல, சதை என்று எதுவுமே இல்லை. கழுத்தெலும்பிலிருந்து கீழே குழிந்து, மெல்லிய தோலுக்கு அடியில் விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. அந்த எலும்புகளுக்கு நடுவே ஒரு இடம் மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் இதயத்தை நான் கண்ணால் பார்த்தேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

அதன் பிறகு அம்மாவின் இடது கை வீங்க ஆரம்பித்தது. ரவிக்கைக் கை ஏறவில்லை. வீங்கிய கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்காகத்தான் அக்கா முதன்முதலில் ஊசி பிடித்தார். ஒரு கை பெரிதாகவும் ஒரு கை சிறிதாகவும் ரவிக்கை தைத்தார். மூன்றாண்டுகள் அம்மா இருந்தார். பிறகு அதே நோய் நுரையீரலில் வந்து, மூச்சுவிட முடியாமல் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு வெட்டியும் ஏன் வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

பதினெட்டு வயதில் அக்கா மாமாவைக் கைப்பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்தார். மாமா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். பௌர்ணமி வந்தால் மூன்று நாள் வீட்டுக்கு வர முடியாத வேலை. அக்கா மாட வீதிக்குப் பின்னால் இருந்த வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டார். ஜாக்கெட் தைப்பதில் அவருக்குப் பேர் வந்தது. செங்கம் ரோட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பெண்கள்கூடப் பருத்திச் சட்டை தைக்க வருவார்கள். பாஷை தெரியாமலே அளவு எடுத்துவிடுவார். ஒரே மகள் வெண்ணிலா பிறந்தாள். என்னைத் தன் வீட்டில் வைத்து ஆசிரியர் பயிற்சி படிக்க வைத்தது அக்காதான். நான் இன்று ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை என்றால் அது அந்த மெஷின் ஓடியதால்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது நடந்தபோது, கார்த்திகை தீபத்தன்று நாங்கள் எல்லோரும் அக்கா வீட்டு மாடியில் நின்றிருந்தோம். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் தெருவெங்கும் அரோகரா என்ற சத்தம். எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள். அக்காவின் வலது கை மேலே போனது. இடது கை தோள் வரை வந்து நின்றுவிட்டது. வலது கையை இறக்கி, நெஞ்சுக்கு நேராக வைத்துக் கும்பிட்டார். நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்துவிட்டார்.

மற்றவர்கள் கீழே இறங்கிய பிறகு கேட்டேன்.

“கையில இன்னாக்கா?”

“ஒண்ணுமில்லடி. மெஷின்லயே உக்காந்து உக்காந்து தோள் புடிச்சுக்கிச்சு.”

“எத்தினி நாளா?”

அக்கா தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தார். மலையையே பார்த்துக்கொண்டு, “அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுடி,” என்றார்.

ஏழு மாதமாக மறைத்திருந்தார். அளவெடுப்பதே தொழிலாக இருந்தவர். தன் ஜாக்கெட்டைத் தைக்கும்போதே இடது பக்கம் மாறுவது தெரிந்திருக்கிறது. தையலைப் பிரித்துப் பிரித்துத் தளர்த்திக்கொண்டே இருந்திருக்கிறார். யாரோ சொன்ன பச்சிலையை அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். வெண்ணிலாவுக்கு அப்போது ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கும் பாட்டிக்கும் இந்த நோய் என்று தெரிந்தால் பெண்ணை யார் எடுப்பார்கள் என்று ஒரு கணக்கு. அது என்னிடம் முதலில் சொன்ன காரணம். உண்மையான காரணத்தை அன்று கடைசியில்தான் சொன்னார்.

“சொன்னா அறுத்துடுவாங்க. நான் அம்மாவுக்குக் கட்டு மாத்தினவ. எனக்குத் தெரியும். அத மட்டும் என்னால முடியாதுடி.”

அன்று அக்காவைத் திட்டினேன். படித்த திமிரில் நிறையத் திட்டினேன். வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அக்காவை அப்படிப் பேசியதில்லை. திட்டும்போதே எனக்குள் அந்தத் தாழ்ப்பாள் விழாத கதவு திறந்துகொண்டேயிருந்தது. அக்காவைவிட எனக்குத்தான் பயம் அதிகம். அதை மறைக்கத்தான் திட்டினேன்.

மாமாவிடம் நான்தான் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போய் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போய் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பேச்சு நின்றுபோனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். அங்கே இருந்த அறுவை மருத்துவர் ஒரு பெண். நாங்கள் டாக்டரம்மா என்றே கூப்பிட்டோம். அக்கா உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, மருந்து எது கொடுத்தாலும் சாப்பிடுகிறேன், அறுக்க மட்டும் விடமாட்டேன் என்பதுதான். டாக்டரம்மா கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டார். அக்கா அம்மாவின் காயத்தைப் பற்றிச் சொன்னார். முப்பது ஆண்டுகளில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. மாமாவுக்கே அது புதிது. வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கும் வரையில் எழுதுகிறேன். ஒரு காலத்தில் மயக்க மருந்தே கிடையாது. பெண்களைப் பிடித்து அழுத்திக்கொண்டு அறுத்திருக்கிறார்கள். பல பேர் அந்த மேசையிலேயே போனார்கள், மீதிப் பேர் காயம் சீழ்பிடித்துப் போனார்கள். பிறகு மயக்க மருந்து வந்தது, காயத்தைச் சுத்தமாக வைக்கும் வழி தெரிந்தது. அப்போது டாக்டர்கள், இந்த நோய் ஓரிடத்தில் தொடங்கி வேர்போலச் சுற்றிலும் பரவுகிறது, ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். மார்பு, அதற்கு அடியில் உள்ள தசை, அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார்கள். எடுக்க எடுக்க நல்லது என்று நினைத்த காலம் அது. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது. ஆனாலும் சிலருக்கு எலும்பிலும் நுரையீரலிலும் திரும்ப வந்தது. நோய் ரத்தத்தின் வழியாகவும் போகிறது, கத்தி மட்டும் போதாது என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் அவர்களை யாரும் நம்பவில்லை. அப்புறம் சில பெண்களுக்கு முழுதாக எடுத்தும், சில பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தும், ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்திலேயே வந்தவர்களில் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத்தான் பிழைத்திருந்தார்கள். தசையை எடுப்பதை நிறுத்தினார்கள். மருந்துகள் வந்தன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, தாளில் இருந்த படத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டார்.

“அப்போ எங்கம்மாவுக்கு அவ்ளோ வெட்டினது சும்மாவா டாக்டர்?”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“அன்னைக்குத் தெரிஞ்சது அவ்ளோதாம்மா. அவங்களைக் காப்பாத்தணும்னுதான் செஞ்சாங்க. அப்படிப்பட்ட அம்மாங்களைப் பாத்துப் பாத்துதான் எங்களுக்கு இன்னைக்குக் கம்மியா வெட்டத் தெரிஞ்சுது.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “எனக்கு எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார்.

கட்டி பெரிதாகிவிட்டிருந்தது. அக்குளுக்கும் போயிருந்தது. அதனால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி, பிறகு அறுவை, பிறகு ரேடியேஷன் என்று முடிவானது. மார்பை எடுத்துத்தான் ஆக வேண்டும், தசை இருக்கும் என்றார்கள். நான் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்து, ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். அப்போது வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்று அவர் சொன்னார். இதை அக்காவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

முதல் கீமோ முடிந்ததும் முடி கொட்டும் என்றார்கள். கொட்டுவதற்கு முன்னால் அக்கா கோயிலுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்துவிட்டார். வேண்டுதல் என்று தெருவில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. சில வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா ஒரு மாலையில் வந்து எதிரே உட்கார்ந்து தலையைப் பார்த்தார். “வேண்டுதல்னா புருவத்தையும் சேத்தா குடுக்கறது?” என்றார். அதற்குள் புருவமும் உதிர ஆரம்பித்திருந்தது. அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அன்றிலிருந்து ஷமீம் அக்காவிடம் மறைக்க ஒன்றுமில்லை. வாய்ப்புண்ணில் எதுவும் இறங்காத நாட்களில் அவர் கஞ்சி வைத்துக் கொண்டுவருவார். உறைப்பு ஜாஸ்தியா என்று கேட்டு, அடுத்த நாள் குறைத்துக் கொண்டுவருவார்.

அறுவை நடந்த அன்று நான் மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கையில் திருத்த வேண்டிய பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அக்கா பிழைப்பாரா என்ற பயம் ஒரு பக்கம். அந்தக் கட்டைப் பிரிக்கும்போது நான் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று அன்றைக்கு என்னால் சொல்லியிருக்க முடியாது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். காயத்திலிருந்து நீர் வடியும் குழாயை எப்படிக் காலி செய்வது என்று வீட்டு ஆள் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“நீ வெளிய இரு,” என்றார்.

நான் போகவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் கடைசிப் பஞ்சை எடுத்தார். மார்பு இல்லை. குறுக்காக ஒரு நீளத் தையல். தோல் தட்டையாக, கனமாக, தசையோடு இருந்தது. எலும்பு தெரியவில்லை. எதுவும் துடிக்கவில்லை. அக்கா குனிந்து தன்னையே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“இவ்ளோதானா?” என்று கேட்டார். நர்ஸ் இவ்வளவுதான் என்றார். அதன் பிறகு அக்கா அழுத அழுகையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை. ஏழு மாதம் எதற்குப் பயந்தாரோ அது அங்கே இல்லை.

பிறகு ஐந்து வாரம் ரேடியேஷன். அதற்காகச் சென்னையிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினோம். காத்திருக்கும் இடத்தில் வரிசையாகப் பெண்கள். எல்லோரும் முந்தானையை ஒரே மாதிரி ஒரு பக்கம் இழுத்துப் போர்த்தியிருப்பார்கள். சிலர் உள்ளே துணியைச் சுருட்டி வைத்திருப்பார்கள், நடக்கும்போது அது மேலே ஏறிவிடும். அக்கா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். அறைக்கு வந்ததும் பஞ்சை வைத்து ஒரு பை தைத்தார். எடை இல்லாததால் நிற்கவில்லை. அடுத்து உள்ளே கேழ்வரகைக் கொட்டிச் சுற்றிலும் பஞ்சு வைத்தார். அது நின்றது. தன் அளவுக்கு ஒன்று, மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு விழுப்புரத்துப் பெண்ணுக்கு ஒன்று. அந்தப் பெண் கழிப்பறைக்குள் போய் வைத்துக்கொண்டு வெளியே வந்து, இரண்டு தோளும் நேராக நடந்து காட்டினாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அதை அக்கா விடவில்லை. கை தூக்குவதற்குச் சுவரில் விரலால் ஏறச் சொல்லியிருந்தார்கள். தினம் காலையில் சுவரில் பென்சில் கோடு போட்டு, நேற்றைய கோட்டைத் தாண்டுவார். கை கொஞ்சம் வீங்கியது. வீக்கத்தை அழுத்தி வைக்கும் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு மெஷின் ஓட்டினார். ஆஸ்பத்திரியில் இருந்து யாராவது முகவரி சொல்லி அனுப்பினால், முன்னறைக் கதவைச் சாத்தி அளவெடுத்து, அவர்களுக்குத் தகுந்த பையும் அதற்கு உள்ளறை வைத்த ஜாக்கெட்டும் தைத்துக் கொடுப்பார். வேறு ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போதுகூட, எங்கேயாவது கட்டி தட்டுப்படுகிறதா, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டுவிடுவார். சிலர் அதற்காகவே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஒன்பது ஆண்டுகள் அப்படிப் போயின. வெண்ணிலாவுக்குக் கல்யாணம் ஆனது. எல்லாம் சொல்லித்தான் பெண் கொடுத்தோம். ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும் வாரமும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடமாட்டோம். ரிப்போர்ட் வந்ததும் மாமா அதை வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்வார், படிக்கமாட்டார். நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்றதும் அக்கா மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவார். ஆறு மாதம் கழித்துத் திரும்ப அதே வாரம் வரும்.

பத்தாம் ஆண்டில் இடுப்பு வலி என்றார். எலும்பில் வந்திருந்தது. மறுபடி மருந்துகள். முன்னால் இல்லாத புது மருந்துகள் வந்திருந்தன. அவை அக்காவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயுள் கொடுத்தன. அதற்குள் வெண்ணிலாவுக்கு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தைக்கு முதல் பாவாடை அக்கா தைத்தது. பிறகு ஈரலுக்குப் போனது. மாற்று மருந்து இனி இல்லை, வீட்டில் வைத்து வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

கடைசி மாதம் நான் பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்திலேயே இருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தைரியமாக இருக்கச் சொன்னார்கள். அக்கா அவர்களிடம் தலையாட்டுவார். ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது என் கையைப் பிடித்தார்.

“எனக்குப் பயமா இருக்குடி.”

பயப்படாதே என்று சொல்ல வாய் வரை வந்தது.

“எனக்கும் பயமா இருக்குக்கா,” என்றேன்.

அக்கா கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். சின்ன வயதில் படுத்திருந்த மாதிரி. இரண்டு பேருமே அன்று நன்றாகத் தூங்கினோம். அதற்கு ஐந்தாம் நாள் காலை, மாமா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் மூச்சு நின்றது. ஐம்பத்தேழு வயது.

அக்காவைப் பற்றிய கட்டுரையில் என்னைப் பற்றி எழுதுவது முறையல்ல. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் மறுபடியும் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதியவளாகிவிடுவேன். அக்கா போன ஐந்தாம் மாதம், குளிக்கும்போது என் வலது மார்பில் பட்டாணி அளவு ஒன்று கையில் தட்டுப்பட்டது. எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரே அக்காதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போனேன், பிரேயரில் நின்றேன், பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அது போய்விட்டதா என்று தேடினேன். அக்காவை மாடியில் வைத்து எப்படியெல்லாம் திட்டினேன் என்பது ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வந்தது. ஏழு மாதம் எப்படி மறைத்தார் என்று திட்டியவளுக்கு, அந்த ஏழு மாதம் அவர் எப்படித் தாங்கினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

பன்னிரண்டாம் நாள் வெண்ணிலாவுக்குப் போன் செய்தேன். “சித்தி, வர்றேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, பை மட்டும் எடுத்து வைங்க,” என்றாள். அதே டாக்டரம்மா. தலை நரைத்துவிட்டது. மேமோகிராம் என்ற மார்பகப் படம் எடுத்துப் பார்த்துச் சதையைச் சோதித்தார்கள். புற்றுதான். ஆனால் சிறியது. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்தார்கள். அக்குளில் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. நீல மருந்தைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டிகள் இரண்டை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். நோய் அங்கே போகவில்லை. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் ரேடியேஷன். ஐந்தாண்டுக்குத் தினம் ஒரு மாத்திரை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. என் மார்பு இருந்தது. கை மேலே போனது. ஒரே வீட்டில் பிறந்த நோய்தான். அம்மாவுக்கு எலும்பு வரை போன கத்தி, அக்காவுக்குத் தசையோடு நின்று, எனக்குத் தோலில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் பெரிய தைரியசாலி என்பதால் இல்லை. அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் போனதால். அன்று நான் அழுதது எனக்காக இல்லை.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. காலையில் அந்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போது வருகிறது. முதுகு பிடித்தால் வருகிறது. பரம்பரையாக வருகிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, வெண்ணிலாவும் செய்துகொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார். வெண்ணிலா இன்னும் முடிவு செய்யவில்லை. அவளுக்குப் பயம். நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் இருவரும் சேர்ந்துதான் போய்வந்தோம். அவளுக்கு ஒன்றுமில்லை.

அக்காவின் கடைசி நாள் வரை கை கால் பிடித்துவிட்டு, ஒரு நாளும் முகம் சுளிக்காத மாமாவுக்கு இந்தக் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கஞ்சியோடு தினம் வந்த ஷமீம் அக்காவுக்கும், மாமாவுக்குக் கேட்டபோதெல்லாம் விடுப்புக் கொடுத்த லாட்ஜ் முதலாளிக்கும், என் வகுப்புகளைப் பங்கிட்டுக்கொண்ட சக ஆசிரியைகளுக்கும், கதவைச் சாத்திவிட்டு எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன டாக்டரம்மாவுக்கும், முதல் கட்டைப் பிரித்து, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நர்ஸுக்கும், துக்கத்துக்கு வந்தவர்களுக்கும் வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இந்த மலர் உங்கள் கையில் வரும் நாளில், மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும், பெண்களுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். மேடைக்குப் பின்னால் இருக்கும் மணமகள் அறையில், மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு பெண் டாக்டரும் ஒரு நர்ஸும் இருப்பார்கள். உள்ளே ஒருவர் ஒருவராகப் போகலாம். பெயர் கேட்கமாட்டார்கள். வெளியே யாரும் எதுவும் கேட்காதபடி வாசலில் நானே நிற்பேன். அத்தை, சின்னம்மா, அண்ணி, நாத்தனார், என் மாணவிகளின் தாய்மார்கள், எல்லோரையும் கூப்பிடுகிறேன். தைரியம் வந்த பிறகு வரலாம் என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது வரவில்லை. பயந்துகொண்டே வாருங்கள். நானும் பயந்துகொண்டேதான் போனேன்.